பைத்தான் பொதிகளும் கட்டாயச் சோதனையும்

2021 அக்டோபர் 4 அன்று பைத்தான் மொழியின் 3.10 பதிப்பு வெளிவந்தது. புதிய வசதிகள் பல அதில் இருந்தன. ஆனால் லினக்ஸ் வழங்கல்களுக்குப் பொதி கட்டுபவர்களைப் படுத்தியெடுத்தவற்றில் ஒன்று அந்தப் பதிப்பு எண்ணின் நீளம். அதுவரை 3.7, 3.8, 3.9 என்று புள்ளியோடு சேர்த்து மூன்று எழுத்துக்குள் எண் அடங்கியிருந்தது. அந்தப் பழக்கத்தில் எத்தனையோ நிரல்கள், பைத்தான் தன்னைப் பற்றிச் சொல்லும் பதிப்பு விவரத்தின் முதல் மூன்று எழுத்துகளை வெட்டி எடுத்து, அதை வைத்தே முடிவெடுத்துக்கொண்டிருந்தன. 3.10 வந்ததும் அந்த வெட்டில் கிடைத்தது 3.1. அது 2009-இல் வந்த பதிப்பின் எண். பன்னிரண்டு ஆண்டு பழைய பைத்தானில் ஓடுவதாக எண்ணிக்கொண்ட நிரல் ஓரிடத்தில் “இந்தப் பதிப்பு போதாது” என்று நின்றது. இன்னோரிடத்தில் இல்லாத அடைவில் கோப்பைத் தேடியது.

இப்படி ஒரு பிழையைச் சுமந்த பொதியைக் கட்டும்போது எந்த எச்சரிக்கையும் வராது. கோப்புகள் உரிய இடத்துக்குப் போகும், பொதி பிறக்கும், களஞ்சியத்தில் ஏறும். பிழை வெளிப்படுவது எங்கோ ஒரு பயனர் அந்த நிரலை ஓட்டும்போதுதான். பைத்தான் மென்பொருளைப் பொதியாக்கும்போது தானியங்கிச் சோதனைகளை ஓட்டுவது பராமரிப்பாளரின் விருப்பமாக இருக்கலாமா, விதியாக வேண்டுமா என்ற கேள்வியே இந்தச் சொற்பொழிவின் பொருள். விதியாக வேண்டும் என்பதே இதன் நிலைப்பாடு. அந்த விதி எங்கே வலிக்கும், எதைப் பிடிக்காது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அந்த நிலைப்பாட்டுக்கு மதிப்பு.

சி மொழியில் எழுதிய மென்பொருளைப் பொதியாக்கும்போது கம்பைலர் ஒரு காவல் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. ஒரு நூலகத்தின் புதிய பதிப்பில் ஒரு செயற்கூறு நீக்கப்பட்டிருந்தால், அதை அழைக்கும் நிரல் கட்டும்போதே முறிந்துவிடும். கம்பைலரைத் தாண்டினாலும் லிங்கர் பிடித்துக்கொள்ளும். பைத்தானில் இந்தக் காவல் கிடையாது. சி நிரல் கலவாத பைத்தான் பொதியைக் கட்டுவது என்பது பெரும்பாலும் கோப்புகளை நகலெடுப்பதுதான். இல்லாத கூறை இறக்குமதி செய்யும் வரி, நீக்கப்பட்ட செயற்கூறை அழைக்கும் வரி, அளபுருக்களின் வரிசை மாறிப்போன வரி என எல்லாமே நகலெடுப்பில் பத்திரமாகத் தப்பிவிடும். அந்த வரி ஓடும் கணம்வரை பைத்தானுக்கே அது தெரியாது. ஆகவே சி மொழிக்குக் கம்பைலர் செய்யும் வேலையில் ஒரு பங்கையாவது பைத்தானுக்குச் சோதனைகள்தான் செய்தாக வேண்டும்.

மூல ஆசிரியர்கள்தான் சோதனை ஓட்டிவிட்டு வெளியிடுகிறார்களே, வழங்கல் எதற்கு மறுபடி ஓட்ட வேண்டும் என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விடை, வழங்கல் என்ற அமைப்பின் இயல்பிலேயே இருக்கிறது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 வழங்கலில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. இவற்றில் ஏறத்தாழ எல்லா நூலகங்களும் ஒரே ஒரு பதிப்பில்தான் இருக்கும். பைத்தான் 3.11 என்றால் அனைவருக்கும் 3.11, நம்பை என்ற கணக்கீட்டு நூலகம் எந்தப் பதிப்போ அதே பதிப்புதான் அதைச் சார்ந்த எல்லாப் பொதிகளுக்கும். மூல ஆசிரியரோ தன் சோதனையைத் தான் தேர்ந்தெடுத்த பதிப்புகளோடு, பைபிஐ என்ற பைத்தான் களஞ்சியத்திலிருந்து இறக்கிய கோப்புகளோடு, பெரும்பாலும் இன்டெல் வகைச் செயலியில் ஓட்டியிருப்பார். டெபியனில் அதே நிரல் வேறு பதிப்பு நூலகங்களோடு, ஆர்ம், பவர்பிசி, ஐபிஎம் பெருங்கணினியின் எஸ்390எக்ஸ் ஆகிய செயலிகளிலும் ஓட வேண்டும். மூல ஆசிரியரின் பச்சை விளக்கு இந்தச் சேர்க்கைக்குச் செல்லாது. இந்தச் சேர்க்கையை உருவாக்குவது வழங்கல். அதைச் சோதிக்கும் கடமையும் வழங்கலுக்கே உரியது.

ஃபெடோரா வழங்கல் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. அதன் பொதிகள் ஒவ்வொன்றுக்கும் ஸ்பெக் என்ற செய்முறைக் கோப்பு உண்டு. அதில் செக் என்று ஒரு பகுதி. மூலத் திட்டத்தில் சோதனைகள் இருந்தால் அவற்றை அங்கே ஓட்டுவதே முறை என்கிறது பைத்தான் பொதிகளுக்கான ஃபெடோராவின் வழிகாட்டி. நியாயமான முயற்சியில் அது கைகூடாவிட்டால், நிறுவிய கூறுகளை இறக்குமதி செய்து பார்க்கும் அடிப்படைச் சோதனையாவது கட்டாயம். தோற்கும் சோதனைகளைத் தனித்தனியாக விலக்கலாம். பொதி கட்டவில்லையே என்று மொத்தச் சோதனையையும் அணைத்துப்போடுவதோ, முடிவைக் கண்டுகொள்ளாமல் விடுவதோ கூடாது. சுருக்கமான இந்த விதிகளில் அனுபவம் தெரிகிறது. “எல்லாம் தேற வேண்டும்” என்று சொல்லியிருந்தால் ஒருவராலும் பின்பற்ற முடியாது. “முடிந்தால் ஓட்டுங்கள்” என்று விட்டிருந்தால் முடியாத காரணம் எல்லாருக்கும் கிடைத்திருக்கும்.

அதே வழிகாட்டி இன்னொன்றையும் சொல்கிறது: நிரலின் நடை, எழுதிய ஒழுங்கு, சோதனை எத்தனை வரிகளைத் தொட்டது என்ற கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் கருவிகளைப் பொதி கட்டும் இடத்தில் ஓட்ட வேண்டாம். பிளாக், ஃபிளேக்8, பைலின்ட் போன்றவை நிரலாசிரியருக்கு மிக உதவும். ஆனால் அவற்றின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் புதிய குறைகளைக் கண்டுபிடிக்கும். ஒரு வரி நூறு எழுத்தைத் தாண்டிவிட்டது என்பதற்காகப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று நாட்கணக்கில் காத்துக்கிடக்கக் கூடாது. வழங்கலுக்குத் தெரிய வேண்டியது நிரல் வேலை செய்கிறதா என்பது மட்டுமே.

இந்த விதியின் பயன் முழுவதுமாகத் தெரிவது ஆண்டுதோறும் பைத்தான் பதிப்பு மாறும் பருவத்தில். 3.9 தொடங்கி ஆண்டுக்கொரு பதிப்பு, அக்டோபரில் என்று நடைமுறை அமைந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏதாவது கழிக்கப்படுகிறது. கலெக்‌ஷன்ஸ் என்ற கூறிலிருந்து மேப்பிங், கால்லபிள் முதலிய பெயர்களை நேரடியாக எடுக்கும் பழைய வழி 3.10-இல் போனது. நெடுங்காலமாக எச்சரிக்கை விடுத்து, 3.9-இல் “இன்னும் ஒரே ஒரு பதிப்பு” என்று தவணையும் கொடுத்த பிறகுதான் அதை நீக்கினார்கள். 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் முழுதாகவே போனது. 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் உட்பட 19 பழைய கூறுகள் ஒரே வீச்சில் நீங்கின. ஃபெடோராவின் பைத்தான் குழுவினர் புதிய பதிப்பு இன்னும் ஆல்ஃபா நிலையில் இருக்கும்போதே, ஆயிரக்கணக்கான பொதிகளைத் தனிக் களஞ்சியத்தில் அதோடு கட்டிப் பார்க்கிறார்கள். எது முறிகிறதோ அதை மூல ஆசிரியர்களிடம் சொல்கிறார்கள்; பழி பைத்தானின் பக்கம் என்றால் அங்கேயும் சொல்கிறார்கள். செக் பகுதி காலியாக இருக்கும் பொதியிலிருந்து அவர்களுக்கு எந்தச் சேதியும் வராது. கட்டியது, தேறியது என்று கணக்கில் ஏறிவிடும். ஒரு பராமரிப்பாளர் சோதனையைத் தவிர்த்தால் அவருடைய பொதிக்கு மட்டுமல்லாமல் இந்தப் பெரிய ஒத்திகைக்கும் சேர்த்து இழப்பு.

ஒத்திகையில் அகப்படுவது பொதிகள் மட்டும் அல்ல. நோஸ் என்ற சோதனைக் கருவி ஒரு காலத்தில் பைத்தான் உலகில் எங்கும் புழங்கியது. அதன் கடைசி வெளியீடு 1.3.7, ஆண்டு 2015. பராமரிக்க ஆள் இல்லாமல் போனாலும் நூற்றுக்கணக்கான திட்டங்கள் அதையே நம்பியிருந்தன. 3.10-இல் கலெக்‌ஷன்ஸிலிருந்து கால்லபிள் நீங்கியதும் நோஸே விழுந்தது. அதன் நிரலுக்குள் அந்தப் பழைய பெயர் இருந்தது. சோதிக்க வேண்டிய நிரல் நலமாக இருக்க, சோதிக்கும் கருவி செத்துப்போன நிலை. பைடெஸ்ட் என்ற வேறொரு சோதனைக் கருவிக்கு மாற்றும் வேலையைப் பல மூலத் திட்டங்களுக்காகச் செய்து கொடுத்தவர்கள் வழங்கல்களின் பராமரிப்பாளர்கள்.

டெபியனின் வழி சற்றே வேறு. அங்கே மொத்தக் களஞ்சியத்துக்கும் பொருந்தும் சோதனை விதி என்று ஒன்றை முதலில் போடாமல், வாயிலில் ஒரு காவலை அமர்த்தினார்கள். புதிய பொதி முதலில் ‘நிலையற்றது’ என்ற பிரிவில் ஏறும். அங்கிருந்து ‘சோதனை’ப் பிரிவுக்குப் போனால்தான் அடுத்த வெளியீட்டில் இடம். எது போகலாம் என்று தீர்மானிக்கும் நிரலின் பெயர் பிரிட்னி. 2018-இலிருந்து அது ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் என்ற சோதனைகளின் முடிவையும் பார்க்கிறது. இந்தச் சோதனைகள் பொதி கட்டும் அடைவில் ஓடுபவை அல்ல. ஒரு வெற்றுக் கணினிச் சூழலில் பொதியை உண்மையிலேயே நிறுவி, பயனர் கையில் அது எப்படி இருக்குமோ அந்த நிலையில் ஓட்டுவார்கள். தேறினால் காத்திருக்கும் நாட்கள் குறையும். முன்பு தேறிய சோதனை இப்போது தோற்றால் முதலில் தாமதம் என்று தொடங்கி, பின்னர் தடை என்றே ஆனது.

இதில் மிக நுட்பமான பகுதி, சோதனை ஓடுவது மாறிய பொதிக்கு மட்டும் அல்ல என்பது. நம்பை பொதியின் புதிய பதிப்பு ஏறினால், நம்பையைச் சார்ந்து நிற்கும் பொதிகளின் சோதனைகளும் புதிய நம்பையோடு ஓடும். அங்கே ஒன்று முறிந்தால் நம்பை வாயிலிலேயே நிற்கும். சார்ந்து நிற்கும் சிறிய பொதிக்குச் சோதனை இல்லையென்றால் அது முறிவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நம்பை உள்ளே போய்விடும். சோதனை வைத்திருக்கும் சிறிய பொதிக்குப் பெரிய நூலகத்தையே நிறுத்தி வைக்கும் வலு கிடைக்கிறது. தன் பொதிக்காக ஒருவர் வாதாட வேண்டிய தேவையே இல்லாமல் இயந்திரம் அந்த வாதத்தைச் செய்கிறது.

பெயரளவுக்கு ஒரு சோதனையை வைத்துச் சலுகை பெறவும் டெபியனில் வழியில்லை. பொதியின் கூறை இறக்குமதி செய்து பார்ப்பதோடு நிற்கும் சோதனையை ‘மேலோட்டமானது’ என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறித்த சோதனை தேறினாலும் காத்திருப்பு நாள் குறையாது. தோற்றால் மட்டும் செல்லும். இறக்குமதிச் சோதனையை இளக்காரமாக நினைக்க வேண்டாம்: விட்டுப்போன சார்பு, நீக்கப்பட்ட கூறு, தொடரியல் பிழை மூன்றையும் அந்த ஒரு வரி பிடித்துவிடும். ஆனால் அது தொடக்கம்தான். முழுச் சோதனை இருக்கும்போது அதோடு நிறுத்திக்கொள்வது சோம்பல்.

இனிப் பொதி கட்டும் மேசைக்கு அருகில் போய்ப் பார்க்கலாம். பைத்தான் திட்டம் ஒன்றின் அடைவில் பொதுவாக நூலகத்தின் பெயரில் ஓர் அடைவும், டெஸ்ட்ஸ் என்ற பெயரில் இன்னோர் அடைவும் அருகருகே இருக்கும். எதையெல்லாம் நிறுவுவது என்று செட்டப்டூல்ஸ் கருவியிடம் சொல்லும்போது, “இங்கே இருக்கும் பொதிகளையெல்லாம் கண்டுபிடித்துக்கொள்” என்று ஒரே வரியில் எழுதிவிடுவது பலருடைய வழக்கம். விலக்கு எழுதாவிட்டால் டெஸ்ட்ஸ் அடைவையும் அது கண்டுபிடிக்கும். கணினியின் பொதுவான பைத்தான் அடைவில் நூலகத்தோடு டெஸ்ட்ஸ் என்ற உயர்மட்டக் கூறும் நிறுவப்படும். ஒருவர் தன் மெய்நிகர் சூழலில் இதை நிறுவும்போது சிக்கல் கண்ணில் படாது. வழங்கலில் இதே தவறைச் செய்த இரண்டு நூலகங்கள் சேர்ந்தால் இரண்டு பொதிகளும் ஒரே கோப்புக்கு உரிமை கோரும். டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜி, “இந்தக் கோப்பு ஏற்கெனவே வேறொரு பொதியில் இருக்கிறது” என்று இரண்டாவதை நிறுவ மறுக்கும். ஜென்டூ வழங்கலின் பைத்தான் கட்டுமான நிரல் டெஸ்ட்ஸ் என்ற பெயரை உயர்மட்டத்தில் கண்டாலே பொதியைக் கட்ட மறுத்துவிடுகிறது. ஒற்றைச் சொல்லால் திருத்திவிடக்கூடிய இந்தத் தவறு ஆண்டுக்கணக்காகப் புதிய திட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. சோதனைகளை மூலநிரல் அடைவிலிருந்து ஓட்டினால், பைத்தான் முதலில் தான் நிற்கும் அடைவில்தான் நூலகத்தைத் தேடும். அங்கே அது கிடைத்துவிடும். சோதனை தேறும். ஆனால் தேறியது மூல அடைவில் இருக்கும் நிரல். பொதிக்குள் போன நிரல் அல்ல. வார்ப்புருக் கோப்புகளையோ ஜேசான் தரவுக் கோப்பையோ பொதியில் சேர்க்க மறந்திருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் மூல அடைவில் எல்லாம் இருக்கின்றன. பயனரின் கணினியில்தான் “கோப்பு இல்லை” என்று முறியும். டெபியனின் பைபில்ட் என்ற கட்டுமானக் கருவி, கட்டிய நகலின் அடைவுக்குப் போய்ச் சோதனையை ஓட்டுவது இதனால்தான். மூலத் திட்டங்களும் நூலகத்தை எஸ்ஆர்சி என்ற உள்ளடைவுக்குள் வைத்தால், நிறுவாமல் சோதிக்க முடியாத நிலை ஏற்பட்டு இந்தக் குழப்பம் தானாகவே நீங்கும். ஆகவே விதி “சோதனை ஓட வேண்டும்” என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த நகலின் மீது ஓட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

எதிர்ப்புகளுக்கு வருவோம். இந்தப் பொதிகளைக் கட்டுபவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். வேலை முடிந்து வந்து இரவில் உட்காரும் ஒருவரிடம் “இன்னொரு விதி” என்று நீட்டுவது எளிதல்ல. அதுவும் சோதனையை ஓட்டுவதில் உள்ள சிரமங்கள் கற்பனை அல்ல. பொதி கட்டும் கணினிகளில் இணையம் இருக்காது. டெபியன் கொள்கை கட்டும் நேரத்தில் வெளித்தொடர்பைத் தடை செய்கிறது, ஃபெடோராவின் மாக் கருவியும் வலைத்தொடர்பைத் துண்டித்தே கட்டுகிறது. இந்தத் தடை தேவையானது. ஆனால் எங்கோ உள்ள ஒரு தளத்தை அழைத்துப் பார்க்கும் சோதனைகள் எல்லாம் இதனால் தோற்கும். அவற்றை ஒவ்வொன்றாக இனங்கண்டு விலக்கும் வேலை பராமரிப்பாளரின் தலையில் விழுகிறது. மூல ஆசிரியர் அத்தகைய சோதனைகளுக்கு ‘வலை தேவை’ என்று ஒரு குறி இட்டிருந்தால் ஒரே சொல்லில் விலக்கிவிடலாம். அந்தக் குறியை இடுபவர்கள் குறைவு.

நேரத்தோடு பிணைந்த சோதனைகள் இன்னும் மோசம். “இந்த வேலை பத்தில் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும்” என்று எழுதிய சோதனை ஆசிரியரின் மடிக்கணினியில் தேறும். வேலைப்பளு மிகுந்த கட்டும் கணினியில் ஒருநாள் தேறும், மறுநாள் தோற்கும். சோதனைக் கோப்புகளோடு வைத்த பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலாவதி நாள் உண்டு. அந்த நாள் கடந்ததும் நிரலில் ஒரு வரிகூட மாறாமல் சோதனை தோற்கும். ஒரு வழங்கலின் நிலையான வெளியீட்டுக்குப் பல ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டியிருக்கிறது. மூன்றாவது ஆண்டில் ஓர் அவசரத் திருத்தத்தோடு பொதியை மறுபடி கட்டும்போது, செத்துப்போன சான்றிதழ் ஒன்று குறுக்கே படுத்திருந்தால் பராமரிப்பாளர் யாரை நோவது? இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் முயற்சியும் நடக்கிறது. ‘மறுஉருவாக்கத்தக்க கட்டுமானம்’ திட்டத்தினர் டெபியன் பொதிகளைக் கடிகாரத்தை ஓராண்டுக்கும் மேல் முன்னே தள்ளிவைத்தும் கட்டிப் பார்க்கிறார்கள். நிரல் கெடாமல் சோதனை மட்டும் கெடப்போவது அங்கே முதலில் தெரிகிறது.

நம்பை 2.0 இன்னொரு வகைத் தோல்விக்கு உதாரணம். 2024 ஜூனில் அது வந்தபோது, ஓர் எண்ணைத் திரையில் காட்டும் வடிவம் மாறியது. முன்பு 3.0 என்று மட்டும் தெரிந்த இடத்தில், அது எந்த வகை எண் என்ற பெயரும் சேர்ந்து தெரிந்தது. ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டையே சோதனையாக ஓட்டும் டாக்டெஸ்ட் முறையைக் கையாண்ட திட்டங்களில் இதனால் ஏராளமான தோல்விகள். கணக்கு எங்கும் தவறவில்லை. அச்சாகும் எழுத்து மட்டும் வேறு. இப்படிப்பட்ட தோல்வியை வைத்துச் சோதனையே வீண் என்று சொல்பவர்கள், அதே நம்பை 2.0 பல பழைய பெயர்களை நீக்கியதையும், அந்தப் பெயர்களை அழைத்த நிரல்கள் உண்மையிலேயே முறிந்ததையும் அதே சோதனைகள்தான் காட்டின என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய மனிதர் ஒருவர் உட்கார்ந்து பதிவைப் படிக்கத்தான் வேண்டும்.

வட்டமாகச் சுற்றும் சார்பும் ஒரு சிரமம். பைடெஸ்டைக் கட்டச் சில சிறு நூலகங்கள் தேவை. அந்த நூலகங்களைச் சோதிக்கப் பைடெஸ்ட் தேவை. புதிய பைத்தான் பதிப்புக்குக் களஞ்சியத்தையே முதலிலிருந்து எழுப்பும்போது இந்த வட்டத்தை எங்காவது வெட்டியாக வேண்டும். முதற்சுற்றில் சோதனை இல்லாமல் கட்டி, இரண்டாம் சுற்றில் சோதனையோடு கட்ட ஃபெடோரா விதியிலேயே இடம் இருக்கிறது. ஓப்பன்சூசே வழங்கல் சோதனையைத் தனிக் கட்டுமானமாகவே பிரித்துவிடுகிறது.

மூல ஆசிரியர்கள் பைபிஐ-இல் ஏற்றும் மூலநிரல் மூட்டையில் சோதனைக் கோப்புகளே இல்லாதிருப்பது அடுத்த இடைஞ்சல். பயனருக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பராமரிப்பாளர் கிட் களஞ்சியத்திலிருந்து தனியாக எடுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

சோதனை எதைப் பிடிக்காது என்பதற்கு வழங்கல்களின் வரலாற்றில் கசப்பான சான்று ஒன்று உண்டு. அது பைத்தானைப் பற்றியது அல்ல என்றாலும் பொதி கட்டும் எல்லாருக்கும் பாடம். 2006-இல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் பொதியில், வால்கிரைண்ட் என்ற கருவி காட்டிய எச்சரிக்கையைப் போக்குவதற்காக ஒரு திருத்தம் செய்யப்பட்டது. சீரற்ற எண்களை உருவாக்கும் பகுதியின் உயிர்நாடியே அதில் அறுந்துபோனது. அதன் பிறகு உருவான திறவுகோல்களின் சீரற்ற தன்மைக்கு எஞ்சிய ஒரே ஆதாரம் இயங்கும் நிரலின் அடையாள எண். ஒரு வகைக் கணினியில் ஓர் அளவுத் திறவுகோலுக்கு அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். லுசியானோ பெல்லோ என்பவர் இதைக் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று உலகுக்குத் தெரியவந்தபோது கிட்டத்தட்ட இருபது மாதங்கள் ஓடியிருந்தன. மறையாக்கமும் மறைநீக்கமும் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தன. அவற்றைச் சோதிப்பவை எல்லாம் தேறும். திறவுகோல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றனவா என்று ஆயிரக்கணக்கில் உருவாக்கிப் பார்க்கும் சோதனை இருந்திருந்தால் அகப்பட்டிருக்கும். அந்தக் கேள்வியை எழுதி வைத்தவர் எவரும் இல்லை.

2024-இன் எக்ஸ்இசட் நிகழ்வு இன்னும் கடுமையானது. அந்தச் சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு நுழைக்கப்பட்டிருந்தது. அதன் நச்சு நிரல் ஒளித்து வைக்கப்பட்ட இடம் சோதனை அடைவு. பழுதான சுருக்குக் கோப்பைச் சோதிப்பதற்கான மாதிரிகள் என்ற பெயரில் இரும வடிவக் கோப்புகளாக அவை கிடந்தன. டெப் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்து, அப்படியானால் மட்டுமே அது விழித்துக்கொண்டது. எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால் மார்ச் 29 அன்று அது வெளிப்பட்டது. அதற்குள் டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே ஆகியவற்றின் வளர்நிலைக் களஞ்சியங்களில் அது ஏறிவிட்டிருந்தது. சோதனை வேண்டாம் என்பதற்கு இதைக் காரணமாக்குவது பிழை. சோதனைக் கோப்புகளும் மூலநிரலே. அதே கண்டிப்போடு படிக்கப்பட வேண்டியவை. நிரலின் வழியே உருவாக்கிக்கொள்ளக்கூடிய மாதிரித் தரவை ஆயத்த இரும வடிவக் கோப்பாக வைக்காமல், சோதனையே உருவாக்கிக்கொள்ளும்படி எழுதினால் ஒளிவதற்கு இடம் குறையும்.

தமிழ் எழுத்தைக் கையாளும் பைத்தான் நிரல்களுக்கு இந்த விவாதத்தில் நேரடிப் பங்கு உண்டு. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட்; முதல் பைட்டின் மதிப்பு எப்போதும் 224. ஆஸ்கியின் எல்லையோ 127. மொழி அமைப்பு எதுவும் இல்லாத வெற்றுச் சூழலில்தான் கட்டும் கணினிகள் நெடுங்காலம் ஓடின. 2018-இல் வந்த பைத்தான் 3.7 அந்த நிலையைச் சரிசெய்யும்வரை, அங்கே ஒரு கோப்பைக் குறிமுறை சொல்லாமல் திறந்தால் ஆஸ்கியாகவே படிக்கும். முதல் தமிழ் எழுத்திலேயே முறியும். எழுதியவரின் கணினியில் அது ஒருபோதும் நடந்திருக்காது. “தமிழ்” என்ற சொல்லில் யுனிகோடு குறிகள் ஐந்து, எழுத்துகள் மூன்று. ஓப்பன்-தமிழ் போன்ற நூலகங்கள் இப்படிச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகின்றன. அந்தப் பிரிப்பு எல்லாச் செயலியிலும், எல்லாப் பைத்தான் பதிப்பிலும் மூன்று என்றே சொல்கிறதா என்பது வழங்கலின் களஞ்சியத்தில்தான் பரவலாகச் சோதிக்கப்பட முடியும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடித்தளம் டெபியன் என்பதால், அங்கே ஓடும் ஒரு சோதனையின் பயன் இங்குள்ள அலுவலகக் கணினிவரை வரும்.

விதி எப்படி இருக்கலாம்? புதிதாக நுழையும் பைத்தான் பொதிக்கு மூலத் திட்டத்தின் சோதனைகளைக் கட்டும்போதோ நிறுவிய பிறகோ ஓட்டுவது கட்டாயம் என்று தொடங்கலாம். களஞ்சியத்தில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு அடுத்த பெரிய பதிப்பு ஏறும்வரை அவகாசம் தரலாம். விலக்கப்படும் சோதனை ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் எழுதியிருக்க வேண்டும்: வலை தேவை, குறிப்பிட்ட செயலியில் தோற்கிறது, மூலத் திட்டத்தில் இன்ன எண்ணில் பிழை பதிவாகியிருக்கிறது என்பதுபோல. காரணம் எழுதாத விலக்கு அடுத்து வரும் பராமரிப்பாளருக்கு ஒன்றும் சொல்லாது. அவர் அதைத் தொட அஞ்சி அப்படியே விட்டுவிடுவார். முழு விலக்கு கேட்பவர் தன் குழுவில் இன்னொருவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். அவசரப் பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் சோதனையைப் பின்னால் ஓட்டும் உரிமை இருக்கட்டும்.

சோதனையே எழுதப்படாத சிறு நூலகங்களும் நிறைய. அவற்றைக் களஞ்சியத்திலிருந்து தள்ளிவைப்பது சரியாகாது; ஒரே ஒரு செயற்கூறுடன் பல ஆண்டுகள் நலமாக ஓடும் நூலகங்கள் உண்டு. அங்கே பராமரிப்பாளரே ஐந்தாறு வரிகளில் ஒரு சோதனை எழுதலாம்: நூலகத்தை இறக்குமதி செய்து, அதன் ஆவணத்தில் முதலில் காட்டியிருக்கும் எடுத்துக்காட்டை ஓட்டி, விடையை ஒப்பிடும் அளவுக்கு. டெபியன் பொதியில் அதை வைக்கவென்றே தனி அடைவு இருக்கிறது. அதே கோப்பை மூல ஆசிரியருக்கும் அனுப்பி அவர் ஏற்றுக்கொண்டால், அடுத்த வெளியீட்டோடு ஃபெடோராவுக்கும் ஜென்டூவுக்கும் மற்றவற்றுக்கும் அது போய்ச்சேரும்.